அஞ்சலையின் பாவாடை நாடா

போன மாதம் தாம்பரத்திலிருந்து நளினி போன் செய்தாள். நான் கடைசிவரை வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கீழே நர்ஸாக இருந்தவள். இப்போது அங்கே அவள்தான் சீனியர். புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடியைப் பிடித்தால் போதுமாம். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒரு முழக் காகிதத்தில் அச்சடித்துத் தள்ளிவிடுமாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "பாவம் சிஸ்டர், உங்க காலத்துல வெறும் வெயிட்ட மட்டும்தானே பாத்திருப்பீங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "வெறும் வெயிட்டா? அடிப் பாவி, எடை மெஷினைத் துணி போட்டு மூடி வெச்சுட்டு வேலை பாத்தவங்கடி நாங்க" என்றேன். அவள் சிரித்தாள். நம்பவில்லை என்று சிரிப்பிலேயே தெரிந்தது. போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவிடுவாள். அதனால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நர்ஸ் படிப்பு படித்தது, விடுதியில் அழுதது, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வார்டு வார்டாக ஓடியது, கல்யாணமாகி இரும்புலியூருக்கு வந்து சேர்ந்தது, இதெல்லாம் எல்லா நர்ஸுக்கும் உள்ள கதை. எண்பதுகளின் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த இருபது படுக்கை தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் உடம்பு பெருத்தவர்களுக்கும் தனி ஓ.பி. உண்டு. வார்டு ஆட்கள் அதற்கு வைத்த பெயர் 'குண்டு ஓ.பி.' நானும் அப்போது நல்ல பூரிப்பாகத்தான் இருப்பேன். "சிஸ்டர், உங்களை வேலைக்கு எடுத்தாங்களா, அட்மிட் பண்ணாங்களா?" என்று கேலி செய்வார்கள். நானும் விடமாட்டேன், திருப்பிக் கொடுப்பேன்.

அந்த ஓ.பி.யை நடத்தியவர் டாக்டர் வசுமதி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒல்லியாக, வெள்ளைக் கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி இருப்பார். கூட்டிப் பெருக்க வரும் பெண்ணைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கிசுகிசுப்பு அளவுக்கு இறங்கிவிட்டால் அன்றைக்கு யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம்.

அவர் நோயாளியைப் பரிசோதிப்பது அறைக்குள் இல்லை, ஜன்னலில். அவருடைய மேஜை கேட்டைப் பார்த்தபடி இருக்கும். கேட்டிலிருந்து வராந்தா வரை அறுபது எழுபது அடி தூரம். நடுவில் ஒரு வேப்பமரம், அடியில் சிமென்ட் பெஞ்சு. ஒருவர் வந்து கொண்டிருக்கும்போதே டாக்டர் பேனாவை வைத்துவிட்டுப் பார்ப்பார். எத்தனை இடத்தில் நிற்கிறார், பெஞ்சில் உட்காருகிறாரா, எழும்போது மரத்தைப் பிடிக்கிறாரா, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று எல்லாம் பார்ப்பார். உள்ளே வந்து உட்காரும்போது பாதி கேஸ் எழுதி முடித்திருப்பார். வந்தவர் "எத்தினி கிலோ கொறைஞ்சிருக்கேன் மேடம்?" என்று ஆவலாகக் கேட்டால், "அது கடைசியில. உங்க கால் நகத்த யார் வெட்டுறாங்க?" என்பார்.

முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகம் வெட்டுவதற்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. தொப்பை இடிக்காமல், மூச்சு முட்டாமல் குனிந்து தன் கால் நகத்தைத் தானே வெட்ட முடிகிறவன் முன்னேறிவிட்டான். அதை எந்தத் தராசும் சொல்லாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஸ் நிற அட்டை. அதில் எடைக்கு ஒரு கட்டம், அதுவும் கடைசியில். அதற்கு முன்னால் டேப், படி, ஸ்டூல், தலையணை, நகம். டேப் பிடிப்பதற்கு அவர் வைத்திருந்த சட்டம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். புடவைக்கு மேலே அளக்கக் கூடாது, தோலில் அளக்க வேண்டும். தொப்புள் மட்டத்தில் முன்னாலும் பின்னாலும் டேப் ஒரே நேராக இருக்க வேண்டும். மூச்சை விடச் சொல்லி, விட்ட பிறகு பார்க்க வேண்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. படி என்பது மாடிக்குப் போகும் இருபத்துநாலு படி. ஏறி இறங்கியதும் நாடி, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி நாடி. ஸ்டூல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பது. தலையணை என்றால் தூங்கும்போது தலைக்கு எத்தனை வேண்டியிருக்கிறது என்பது. உடம்பு பெருத்துச் சிலருக்கு மல்லாந்து படுத்தாலே மூச்சடைக்கும். மூன்று தலையணை இரண்டாகிவிட்டால் டாக்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வரும்.

இதெல்லாம் எதற்கு, மெஷினில் ஏற்றி நம்பரைப் பார்த்தால் போதாதா என்று ஒரு வருஷம் நான் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன். கோதண்டம் வந்து என் வாயை அடைத்தார்.

கோதண்டம் எங்கள் இரும்புலியூர்க்காரர். பரம்பரையாகப் பயிர் செய்த குடும்பம். வயலெல்லாம் மனையான பிறகு வரப்பில் நடக்கும் வேலையும் போய்விட்டது, உட்கார்ந்தே பெருத்துவிட்டார். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை கையில் லட்டு டப்பாவோடு வந்தார். சர்க்கரை ஓ.பி.க்கு லட்டு! "சிஸ்டர், எடுத்துக்குங்க. ஆறு வாரத்துல ஏழு கிலோ! ஸ்டேஷன் மெஷின்லயும் பாத்துட்டேன்" என்று தாம்பரம் ஸ்டேஷன் எடை மெஷினில் வந்த அட்டை டிக்கெட்டை நீட்டினார். நான் மெஷினில் ஏற்றிப் பார்த்தேன், ஏழு கிலோ நிஜம். கை கொடுத்தேன். ஒரு லட்டும் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் லட்டு டப்பாவைப் பார்த்தார், அவருடைய சட்டைக் கையைப் பார்த்தார். சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது. "ஸ்டூல்ல உக்காருங்க சார். கையக் கட்டிக்கிட்டு எழுந்திருங்க" என்றார். கோதண்டம் சிரித்துக்கொண்டே எழப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாவது தடவையும் முடியவில்லை. மூன்றாவது தடவை மேஜையைப் பிடித்து எழுந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. டேப் வைத்தால் வயிறு ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. போனதெல்லாம் தொடையும் கையும்.

ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை கண்டபடி ஏறிக் கிடந்தது. மனுஷன் வெள்ளரிக்காயும் மோரும் மட்டும் குடித்துக்கொண்டு, மாத்திரையையும் நிறுத்திவிட்டிருக்கிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் எளைக்கல சிஸ்டர். கரைஞ்சிட்டிருக்கார்" என்றார். நான் போய் அந்த லட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

இன்சுலின் ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் கழித்து கோதண்டம் வந்தபோது எடை நாலு கிலோ ஏறியிருந்தது. மனுஷன் அழாத குறை. ஆனால் வயிறு ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது, கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலிலிருந்து பத்து தடவை எழுந்தார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார். எடை ஏறியதற்கு ஒரு டாக்டர் கை கொடுத்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

அஞ்சலை கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி. மீன் விற்கிறவள். பஸ்ஸில் கூடையோடு தாம்பரம் வந்து, இரும்புலியூர்த் தெருக்களில் விற்று முடித்துவிட்டுப் போவாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். நூற்றுநாலு கிலோ. முன்பெல்லாம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தானே தெருத்தெருவாகப் போனவள், இப்போது தெருமுனையில் உட்கார்ந்துகொள்வாள். மகள் தேவிதான் கூடையோடு வீடு வீடாகப் போவாள். தேவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அம்மாவின் நிழலாகவே இருப்பாள்.

அஞ்சலைக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள். மாதத்தில் பாதி நாள் ரத்தப் போக்கு. ஒரு நாள் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்து, தேவி கதறிக்கொண்டு நாலு பேரை வைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்றார் பெண்கள் டாக்டர். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ரங்கநாதன் முடியாது என்றுவிட்டார். புதன்கிழமைகளில் பல்லாவரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கெட்டிக்காரர், கறார் பேர்வழி. "இந்தம்மாவால மல்லாந்து அஞ்சு நிமிஷம் படுக்க முடியல. டேபிள்ல படுக்க வெச்சா மூச்சு நின்னுடும். தொண்ணூறு கிலோவுக்குக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அஞ்சலை மூன்று வருஷமாகப் படுத்தே தூங்கியதில்லை. வீட்டில் சுவரோரம் உட்கார்ந்து, பழைய வலையைச் சுருட்டி முதுகுக்கு அண்டைக் கொடுத்துக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்துத்தான் தூங்குவாள். ரத்தப் போக்கு நிற்காவிட்டால் அடுத்த மயக்கத்தில் எழமாட்டாள் என்று டாக்டர் வசுமதி தேவியிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "எங்கம்மாவ விட்டா எனக்கு யாரும் இல்ல மேடம்" என்று தேவி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

இரும்புச்சத்து மாத்திரை, சாப்பாட்டுக் கணக்கு, தினமும் வெறுங்கையோடு நடை என்று ஆரம்பித்தோம். கிராம், கிலோ என்று பேசினால் அஞ்சலைக்கு ஏறாது. "நாங்க கூறு வச்சி விக்கிறவங்க சிஸ்டரு. தராசப் புடிச்சதே கெடையாது. கண்ணுதான் எங்களுக்குத் தராசு" என்றாள். மீனைக் குவியல் குவியலாகப் பிரித்து, இந்தக் கூறு இவ்வளவு என்று கண்ணாலேயே கணக்குப் போடுகிறவர்கள். அதனால் டாக்டர் கண் கணக்கிலேயே சொன்னார். தட்டில் சோறு வைத்தால் நாலு விரல் அகலம், ஒரு விரல் உயரம். அதற்கு இரண்டு பங்கு காய். வறுத்த மீன் வேண்டாம், குழம்பு மீன் எவ்வளவு வேண்டுமானாலும். "அப்ப மீனத் துன்னலாமா? அப்பாடா, உசுரு வந்துச்சு" என்று சிரித்தாள்.

முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. மூன்று, நான்கு, ஐந்தாவது வாரம், அதே நூற்றிரண்டு. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. ஓ.பி.யில் ஐம்பது பேர். அஞ்சலை வியாபாரம் முடித்து, ஈரப் புடவையும் மீன் வாடையுமாக, கூட்டம் நெரியும் பதினோரு மணிக்கு வந்து நிற்பாள். அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், புடவையை விலக்கி, தோலில் டேப் வைத்து, இரண்டு தடவை அளக்க எனக்குப் பொறுமை இல்லை. எடையே குறையவில்லை, இடுப்பு எங்கே குறைந்திருக்கப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அட்டையில் டேப் கட்டத்தில், மேலே உள்ளதேதான் என்பதற்கு அடையாளமாக இரண்டு சின்னக் கோடு போட்டேன். படிக்கும் இரண்டு கோடு. ஸ்டூலுக்கும் இரண்டு கோடு. எடையை மட்டும் ஒழுங்காக எழுதினேன்.

ஏழாவது வாரம் மெஷினில் ஏற்றினால் நூற்றுமூன்றரை. ஒன்றரை கிலோ ஏறியிருந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "என்னம்மா நெனச்சிட்டிருக்க நீ? மீன விக்க வர்றியா, திங்க வர்றியா? இங்க வந்து மாத்தரைய வாங்கிட்டுப் போய் பண்டிகை கொண்டாடுறியா?" என்று அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "திங்காம இருப்பாளா" என்றான்.

அஞ்சலை மெஷினிலிருந்து மெதுவாக இறங்கினாள். தேவிதான் கண் கலங்கிக்கொண்டு, "சத்தியமா எங்கம்மா நீங்க சொன்னத தவிர வேற ஒண்ணியும் துன்னல சிஸ்டர்" என்றாள். நான் "அடுத்த ஆள் வாங்க" என்றேன். அதை இப்போது எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

அடுத்த செவ்வாய் அஞ்சலை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. ஓ.பி. முடிந்ததும் டாக்டர் அவளுடைய அட்டையை எடுத்து வரச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, எனக்கே சரியாகக் காதில் விழாத அளவுக்குத் தணிந்த குரலில் கேட்டார்.

"சிஸ்டர், இந்த ரெண்டு கோடு யாரோட இடுப்பு?"

நான் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எடை ஏறின வாரம் அவங்களுக்குத் தூரமாகிற நேரமான்னு கேட்டீங்களா? அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் உடம்புல தண்ணி கட்டும். ஒண்ணு ஒண்ணரை கிலோ சாதாரணமா ஏறும்."

நானும் பொம்பளைதானே! மாதாமாதம் என் ஜாக்கெட்டே இறுகுவது எனக்குத் தெரியாதா? கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "அவங்க உங்க தெரு பக்கம்தானே மீன் விக்கிறாங்க? நாளைக்குக் காலைல டியூட்டிக்கு லேட்டா வாங்க. பரவால்ல" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளைத் தேடிப் போனேன். வழக்கமாக உட்காரும் தெருமுனையில் ஆள் இல்லை. விசாரித்துக்கொண்டே போனால், மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் அஞ்சலை நின்றுகொண்டு பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். நின்றுகொண்டு! கூடை தேவி தலையில். அந்த வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை, எங்கேயும் உட்காரவில்லை. நான் அவர்கள் பின்னாலேயே, கூப்பிடத் தைரியமில்லாமல், ஒரு தெரு முழுக்க நடந்தேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

தேவிதான் திரும்பிப் பார்த்தாள். "யம்மா, சிஸ்டரு வந்துகினு கீறாங்க."

"வரட்டும். மீன் வாங்க வந்திருப்பாங்க" என்றாள் அஞ்சலை, என்னைப் பார்க்காமலே.

"அஞ்சலை, தப்பு என்னுது" என்றேன்.

"வுடு சிஸ்டரு. ஆப்பரேசனும் வேணாம், ஒண்ணியும் வேணாம். போற உசுரு எப்ப போனா இன்னா? அத்தினி பேரு எதிர்ல துன்னுறவன்னு பேரு வாங்கிகினு பொழைக்கணுமா நான்?"

"நீ போய்ட்டா தேவிக்கு யாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் மகளைப் பார்த்தாள். நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். "ஒரு தடவை அளந்துக்கறேன். அளந்துட்டு நான் போயிடறேன். அப்புறம் உன் இஷ்டம்" என்றேன்.

என் வீடு அடுத்த தெருவில்தான். கூட்டிப்போனேன். கதவைச் சாத்தினோம். அஞ்சலை கொசுவத்தைத் தளர்த்தினாள். பாவாடை நாடா இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் தொங்கியது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "இன்னா பாக்கற? இது முன்னாடி பத்தவே பத்தாது. வலைக் கயிறு ரெண்டு மொழம் சேத்து முடிஞ்சி இழுத்துக் கட்டிகினு இருந்தேன். அது எடுப்புல வெட்டி வெட்டிப் புண்ணாப் பூடும். போன மாசமே அத்த அவுத்துக் கடாசிட்டேன்" என்றாள் சர்வ சாதாரணமாக.

இடுப்பைச் சுற்றி அந்த நைலான் கயிறு வெட்டிய தழும்பு கறுத்துக் கிடந்தது. புண் ஆறியிருந்தது. அதற்குக் கீழே, அவள் இப்போது நாடா கட்டும் இடத்தில், தோல் சுத்தமாக இருந்தது. நான் முட்டி போட்டு உட்கார்ந்து, தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, "மூச்ச விடு, விட்டுட்டு அப்படியே நில்லு" என்றேன். முதல் நாள் நூற்றிருபத்தொன்று எழுதியிருந்தேன். இப்போது நூற்றுப்பதினொன்று. நம்பாமல் மறுபடி அளந்தேன். நூற்றுப்பதினொன்றேதான்.

பத்து சென்டிமீட்டர்! நான் இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்த அத்தனை வாரமும் அந்த உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. என் மெஷினுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பாவாடை நாடாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "யம்மா, இன்னாத்துக்கு அழுவுறாங்க?" என்று தேவி கேட்க, "கொறஞ்சிடுச்சுன்னு அழுவுறாங்க போல. படிச்சவங்களே இப்டிதான், ஒரே பேஜாரு" என்றாள் அஞ்சலை. பிறகு என் தோளைத் தொட்டு, "செவ்வாக்கெழம வரேன் சிஸ்டரு. எந்திரி" என்றாள்.

அந்தச் செவ்வாயிலிருந்து டாக்டர் அவளுக்கு எடை பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அஞ்சலை வரும்போது எடை மெஷினின் மேல் ஒரு பச்சைத் துணியைப் போர்த்திவிடுவேன். அட்டையில் மற்ற கட்டங்கள்தான் நிரம்பின. ஒன்றுகூட இரண்டு கோடு இல்லை. முதலில் எட்டுப் படியில் நின்றவள் பதினாறு படி ஏறினாள், பிறகு இருபத்துநாலும் ஏறினாள். ஏறி இறங்கினால் நூற்றைம்பதில் துடித்த நாடி நூற்றிருபதுக்கு வந்தது. ஒரு வாரம் கால் நகத்தைக் காட்டி, "நானே வெட்டிகினேன், பாரு" என்று பெருமையடித்தாள். எல்லாம் கோணல்மாணலாக இருந்தது. டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நடுவில் ஒரு சோதனை வந்தது. குப்பத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னா அஞ்சல, எளைச்சிப் பூட்ட? ஒடம்புக்கு இன்னா நோவு?" என்று துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இளைப்பது நம் ஊரில் கெட்ட சேதிதானே. சொந்தக்காரி ஒருத்தி ஆட்டுக்கால் சூப்பையே காய்ச்சி எடுத்து வந்துவிட்டாளாம். "மெஷினு சொல்லாததை ஊரே சொல்லுது, அப்பால இன்னாத்துக்கு எனக்கு மெஷினு?" என்று அஞ்சலை சிரித்தாள். சூப்பைக் குடித்தாயா என்று கேட்டேன். "வாசன மட்டும் புடிச்சேன்" என்றாள். இந்த முறை நான் கத்தவில்லை.

தூங்குவது மட்டும் மெதுவாகத்தான் மாறியது. முதலில் சுவரை விட்டு வந்தாள். சுருட்டிய வலை மூன்று அடுக்கு வைத்துச் சாய்ந்தாள். பிறகு இரண்டு அடுக்கு. முழுசாகப் படுத்துப் பார்த்தாயா என்றால், "பயமா கீது சிஸ்டரு. படுத்தா கடல்ல முழுவுற மாதிரி கீது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் ரத்தப் போக்கு நிற்கவில்லை. இன்னும் ரொம்ப நாள் தள்ள முடியாது என்று டாக்டருக்குத் தெரியும்.

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை, டாக்டர் ரங்கநாதன் முன்னால் அஞ்சலையை நிறுத்தினோம். அவருக்காக அன்றைக்கு எடை பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. அவர் அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேடம், நான் தொண்ணூறு சொன்னேன். இன்னும் எட்டு கிலோ இருக்கே."

தேவி என் கையை இறுகப் பிடித்தாள். டாக்டர் வசுமதி வாதாடவில்லை. "சார், நீங்களே அவங்களோட மாடி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்களேன்" என்றார்.

டாக்டர் ரங்கநாதனும் நல்ல ஆஜானுபாகு. இரண்டு பேரும் ஏறினார்கள். நான் பின்னால் போனேன். நடுவில் திரும்பும் இடத்தில் அவர் ஒரு நிமிஷம் நின்றார். அஞ்சலை இரண்டு படி மேலே போய், திரும்பிப் பார்த்து, "சாரு, மூச்சு வாங்குதா? நின்னு வாங்க, அவசரம் இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். கீழே வந்து நாடியைப் பிடித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. ஆனா எனக்கு முக்கியம் ஒண்ணுதான். பத்து நிமிஷம் மல்லாந்து படுக்கணும். தலையணை இல்லாம."

அஞ்சலையின் முகம் மாறிவிட்டது. தேவி வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடக்க ஆரம்பித்தாள். டாக்டர் வசுமதி அவளை, "நீங்க போய் அம்மாவுக்கு டீ வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நான் அஞ்சலையை டாக்டர் அறையில் நோயாளிகளைப் பார்க்கும் கட்டிலில் உட்காரவைத்து, முதுகுக்குக் கை கொடுத்து, அங்குலம் அங்குலமாகப் பின்னால் சாய்த்தேன். என் புஜத்தில் அவள் பிடித்த இடம் நாலு நாள் கன்றிப் போயிருந்தது. தலை மெத்தையைத் தொட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் மார்பு வரை போர்வையை இழுத்துவிட்டேன். டாக்டர் ரங்கநாதன் ஒரு விரலால் நாடியைப் பிடித்துக்கொண்டு, உதட்டு நிறத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு. மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. நாலாவது நிமிஷம் கொஞ்சம் நிதானமானது. ஆறாவது நிமிஷம் என் புஜத்தைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்து விழுந்தது.

டாக்டர் ரங்கநாதன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வாயில் விரலை வைத்து எங்களைப் பேச வேண்டாம் என்றார்.

அஞ்சலை தூங்கிவிட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, மல்லாந்து, இரண்டு கையையும் அகலப் போட்டுக்கொண்டு. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். மூச்சு எங்கேயும் தடைப்படவில்லை. அட்டையின் பின்பக்கம், ஆபரேஷனுக்குத் தகுதி, அடுத்த புதன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். (அந்தப் புதன் எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனாள்.) நாங்கள் மூன்று பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சத்தம் காட்டாமல் நின்றோம். யாருக்கும் நகரத் தோன்றவில்லை.

அப்போதுதான் தேவி டீ டம்ளரோடு உள்ளே வந்தாள். போர்த்திய போர்வையோடு அம்மா நீட்டிப் படுத்திருக்கிறாள், சுற்றி மூன்று பேர் பேசாமல் நிற்கிறோம். டம்ளர் கீழே விழுந்தது. "யம்மாவ்!" என்று அவள் போட்ட அலறலில் வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எழுந்து ஓடி வந்தார்கள்.

அஞ்சலை கண்ணைத் திறந்தாள். "ஏன்டீ கத்தற? இப்பதான் கண்ணு அசந்துச்சு" என்றாள்.

தேவி அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நீ படுத்துகினு கீறத பாத்ததும் செத்துட்டன்னு நெனச்சிட்டேம்மா" என்றாள். "படுத்துகினு தூங்க மாட்டியேம்மா நீ."

அஞ்சலை கூரையைப் பார்த்தாள், மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தாள். தான் படுத்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ரங்கநாதனைப் பார்த்து, "எந்திரிக்கணுமா சாரு?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. தூங்குங்க" என்றார் அவர். மீதி இருந்த நோயாளிகளை டாக்டர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தார்கள்.